பிறவி நோயும் கண்ணின் பளிங்கும்

ஒருவரின் உறுப்பை எடுத்து மற்றொருவர் உடலில் பொருத்தும் சிகிச்சை என்றவுடன், சிறுநீரகமும் இதயமுமே நம் நினைவுக்கு வருகின்றன. சிறுநீரகம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறி, நிலைத்து வேலை செய்தது 1954ஆம் ஆண்டில். இதயம் மாற்றப்பெற்றது 1967ஆம் ஆண்டில். இவ்விரண்டுக்கும் நெடுங்காலம் முன்னரே, 1905ஆம் ஆண்டிலேயே, ஒரு மனிதரின் கண்ணிலிருந்து எடுத்த சிறு வட்டம் மற்றொரு மனிதரின் கண்ணில் பொருந்தி அவருக்குப் பார்வை தந்தது. உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளுக்கெல்லாம் மூத்தது கண் சிகிச்சையே எனலாம்.

அந்தச் சிகிச்சை முதலில் யாருக்காகத் தோன்றியது? சுண்ணாம்பு பட்டும், புண் வந்தும், பெரியம்மையால் தழும்பேறியும் கண் மங்கியவர்களுக்காகவே தோன்றியது. அவர்களுடைய உடலில் வேறு குறை இல்லை. மங்கிய பகுதியை அகற்றித் தெளிந்த பகுதியை வைத்தால் போதும். ஆனால் வெளியிலிருந்து எந்தத் தீங்கும் நேராமல், பிறவியிலேயே அமைந்த ஒரு குறையால், உடலே கண்ணை மங்கச் செய்யும் நோய்களும் உண்டு. அத்தகையவர்களுக்குப் புதிய படலத்தைப் பொருத்தினால், அதுவும் நாளடைவில் மங்கிவிடாதா? மருத்துவ உலகம் இந்த வினாவுக்கு விடை தேடிய வரலாற்றையே இங்குக் காண்போம்.

முதலில், மாற்றப்படுவது எது என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நன்று. கண்ணின் முன்புறத்தில், கருமணிக்கு மேல், கடிகாரத்தின் கண்ணாடி மூடியைப் போல் அமைந்திருப்பது கார்னியா. கலைச்சொல் அகராதிகள் இதனை விழிவெண்படலம் என்று குறிக்கின்றன. நலமான நிலையில் அதற்கு வெண்மையும் இல்லை, வேறு நிறமும் இல்லை. நோயுற்றபோதுதான் அது வெண்மை அடைகிறது. ஆதலால் இக்கட்டுரையில் அதனை விழிப்படலம் என்றே சுட்டுவோம். அதன் குறுக்களவு ஏறத்தாழ பதினொன்றரை மில்லிமீட்டர். நடுப்பகுதியின் தடிப்பு அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இக்குறிப்பை நேயர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். இது பின்னால் இருமுறை பயன்படும்.

நம் தோலில் உள்ள அதே வகைப் புரத இழைகளே விழிப்படலத்திலும் உள்ளன. தோல் ஒளியை மறைக்க, விழிப்படலம் மட்டும் ஒளியை விடுவானேன்? லண்டனில் ஆராய்ச்சி செய்த டேவிட் மாரிஸ் என்பவர் 1957ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இழைகள் ஒரே பருமனும் ஒரே இடைவெளியும் கொண்டு, அணிவகுத்த படைவீரர்களைப் போல் நிற்பதாலேயே ஒளி சிதறாமல் உட்செல்கிறது என்பது அவர் கருத்து. அந்த இடைவெளியைக் காப்பவை, இழைகளுக்கிடையே உள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். மியூகோபாலிசாக்கரைடு என்பது அவற்றின் பழைய பெயர். படலத்தில் சிதறிக் கிடக்கும் உயிரணுக்கள் இச்சங்கிலிகளை ஓயாமல் உண்டாக்குகின்றன. பழையனவற்றை ஓயாமல் சிதைத்து நீக்குகின்றன. ஆக்கமும் நீக்கமும் ஒத்து நடக்கும்வரை கண் பளிங்காக விளங்கும். நீக்கம் நின்றுவிட்டால் அணுக்கள் வீங்கும், அணிவகுப்புக் குலையும், பளிங்கு பாலாக மாறும்.

இனி அறுவைச் சிகிச்சையின் வரலாற்றுக்கு வருவோம். ஜெர்மானியரான பிரான்ஸ் ரைசிங்கர் 1824ஆம் ஆண்டில் பிராணிகளிடம் இச்சோதனையைச் செய்து, இதற்குக் கெராட்டோபிளாஸ்டி என்று பெயரும் இட்டார். சாமுவேல் பிக்கர் என்னும் மருத்துவர் எகிப்தில் பெடுவின் மக்களிடம் சிறைப்பட்டிருந்த காலத்தில், பார்வையற்ற ஒரு நவ்வி மானுக்கு மற்றொரு மானின் படலத்தைப் பொருத்தியதாக 1837ஆம் ஆண்டில் எழுதினார். பிராணிகளின் படலத்தை மனிதருக்கு வைத்துப் பார்த்த முயற்சிகள் பெரும்பாலும் தோல்வியுற்றன. 1880களில் ஆர்தர் வான் ஹிப்பல் என்பவர், கடிகாரச் சுருள்வில்லால் சுழலும் வட்டக் கத்தி ஒன்றை அமைத்தார். ஒரே அளவான வட்டத்தை எடுக்கவும், அதே அளவான இடத்தில் பொருத்தவும் அதனால் வழி பிறந்தது.

1905ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள், மொராவியா நாட்டின் ஓலமொட்ஸ் நகரில், எட்வர்ட் ஜிர்ம் என்னும் மருத்துவர் இச்சிகிச்சையில் வெற்றி கண்டார். சுண்ணாம்பினால் இரு கண்ணும் கெட்ட ஒரு கூலித் தொழிலாளி அவரிடம் வந்திருந்தார். இரும்புத் துண்டு பாய்ந்து பார்வை இழந்த ஒரு சிறுவனின் கண்ணை அகற்ற வேண்டிய நிலையும் அப்போது ஏற்பட்டிருந்தது. அச்சிறுவனின் கண்ணில் கெடாமல் இருந்த படலத்தைத் தொழிலாளியின் இரு கண்களிலும் ஜிர்ம் பொருத்தினார். ஒன்று பழுதுற்றது. மற்றொன்று தெளிவாக நின்றது. அத்தொழிலாளி மீண்டும் வேலைக்குச் சென்றார்.

உயிருள்ளவரின் கண்ணையே எதிர்பார்த்திருந்தால் இச்சிகிச்சை ஒருபோதும் பரவியிராது. ஒடெஸ்ஸா நகரின் விளாதிமிர் பிலாத்தவ், இறந்தவரின் கண்ணைக் குளிரில் காத்து வைத்துப் பயன்படுத்தலாம் என்பதை 1930களில் நிலைநாட்டினார். நியூயார்க் நகரில் டவுன்லி பேட்டன் 1944ஆம் ஆண்டில் கண் வங்கியை நிறுவினார். அடுத்த ஆண்டிலேயே, 1945இல், நம் நாட்டின் முதல் கண் வங்கி சென்னை எழும்பூரில் தோன்றியது. 1819ஆம் ஆண்டு தொடங்கிய தொன்மையான அரசினர் கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா அதனை அமைத்தார். 1948இல் விழிப்படல மாற்று அறுவையையும் அவர் அங்கே செய்தார். 1960இல் இந்தூரில் டாக்டர் ஆர். பி. தண்டா செய்த சிகிச்சை, நம் நாட்டில் இத்துறை வேரூன்றியதற்கு அடையாளமாகக் குறிக்கப் பெறுகிறது.

கண் மருத்துவர்கள் இவ்வாறு முன்னேறிய அதே காலத்தில், கண்ணோடு தொடர்பில்லாத துறையினர் சிலர் வேறொரு புதிரோடு போராடிக் கொண்டிருந்தனர். கனடா நாட்டு மருத்துவர் சார்லஸ் ஹண்டர், வின்னிபெக் நகரில் தாம் கண்ட சகோதரர் இருவரைப் பற்றி 1917ஆம் ஆண்டில் எழுதினார். குட்டையான உருவம், பெரிய தலை, விறைத்த மூட்டுகள், பருத்த வயிறு ஆகியவை அவர்களிடம் காணப்பட்டன. விழிப்படலம் மட்டும் தெளிவாக இருந்தது. 1919ஆம் ஆண்டில் ம்யூனிக் நகரின் குழந்தை மருத்துவரான கெர்ட்ரூட் ஹர்லர் என்னும் அம்மையார், ஏறத்தாழ இதே தோற்றமுடைய வேறு இரு குழந்தைகளை விவரித்தார். அவர்களிடம் ஒரு வேறுபாடு இருந்தது. அவர்களுடைய விழிப்படலங்கள் மங்கியிருந்தன. குழந்தையின் கண்ணில் பனி படிந்தாற்போன்ற அம்மங்கல், உடல் முழுவதும் பரவிய ஒரு நோயின் வெளியடையாளமாக இருந்தது.

1936ஆம் ஆண்டில் எல்லிஸ், ஷெல்டன், கேப்பன் ஆகிய ஆங்கில மருத்துவர் மூவர் இந்நோய்க்குக் கார்கோயிலிசம் என்று பெயர் சூட்டினர். ஐரோப்பிய மாதாகோயில்களின் கூரை விளிம்பில், மழைநீர் வழிவதற்காகக் கோரமுகங்கள் கல்லில் செதுக்கப்பட்டிருக்கும். அவற்றின் பெயர் கார்கோயில். அந்த முகங்களோடு நோயுற்ற குழந்தைகளின் முகத்தை ஒப்பிட்டதால் பிறந்தது இப்பெயர். இதனை மொழிபெயர்க்க முற்படும் எவருக்கும் கை தயங்கும். ஒரு குழந்தையைக் கற்பூதம் என்று மருத்துவ ஏட்டில் எழுதிவிட்டபின், அதன் கண்ணைத் திறக்க வழி உண்டா என்று கேட்பாரும் குறைவாகவே இருப்பர். இன்று அப்பெயர் வழக்கொழிந்தது. ஆனால் பல ஆண்டுகள் வரை, வெவ்வேறு நோய்கள் அந்த ஒரே பெயருக்குள் அடைபட்டுக் கிடந்தன.

உடலில் சேர்வது எது என்பது முதலில் புலப்பட்டது. ஸ்வீடன் நாட்டின் பிராண்டே 1952ஆம் ஆண்டில், இந்நோயால் இறந்தோரின் கல்லீரலிலிருந்து மியூகோபாலிசாக்கரைடைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவின் டார்ப்மன், லோரின்ஸ் இருவரும் 1957ஆம் ஆண்டில் நோயாளிகளின் சிறுநீரில் அதனைக் கண்டனர். விழிப்படலத்தின் இழைகளைக் காக்கும் அதே வகைச் சங்கிலிகளே இங்குச் சிதையாமல் தேங்கி நின்றன. இதனிடையே 1955ஆம் ஆண்டில், பெல்ஜியம் நாட்டின் கிறிஸ்தியான் தெ தூவ், உயிரணுவுக்குள் கழிவுகளைச் சிதைக்கும் சிறு பைகளைக் கண்டறிந்து லைசோசோம் எனப் பெயரிட்டார். 1974ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றோரில் இவரும் ஒருவர். அப்பைகளில் பல நொதிகள் உள்ளன. ஒவ்வொரு நொதியும் சங்கிலியின் ஒரு குறிப்பிட்ட கண்ணியை மட்டுமே வெட்டும். ஒரு நொதி பிறவியிலேயே இல்லாவிடில், அடுத்து வர வேண்டிய நொதிகள் யாவும் வேலையின்றி நிற்கும், சங்கிலி தேங்கும்.

1962ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். பிலடெல்பியா நகரின் கண் மருத்துவர் ஹரால்ட் ஷெயி, தம் துணைவர் இருவரோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். கண் மங்கிய சிலரை அவர் ஆராய்ந்தார். விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. இதய வால்வில் பழுது இருந்தது. ஆனால் அறிவில் எக்குறையும் இல்லை. அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகவும் ஆகியிருந்தனர். ஹர்லர் விவரித்த நோயின் கடுமையான வடிவில், சிகிச்சை இல்லாத காலத்தில், குழந்தைகள் பத்து வயதைக் கடப்பது அரிது. ஷெயி கண்டதோ அதன் மென்மையான வடிவம். அடுத்த ஆண்டில் பாரிஸ் நகரின் மரோத்தோ, லாமி இருவரும் மற்றொரு வகையைப் பிரித்துக் காட்டினர். அதிலும் எலும்பும் கண்ணும் பெரிதும் கெடுகின்றன, அறிவு கெடுவதில்லை.

இவ்வகைப் பிரிவினையை வெறும் பெயர்ப்பட்டியல் என்று எண்ணுதல் கூடாது. கார்கோயிலிசம் என்ற ஒரே பெயர் இருந்தவரை, 'நெடுநாள் வாழாத குழந்தைக்குக் கண் அறுவை எதற்கு?' என்ற கேள்வி எல்லோர்மீதும் விழுந்தது. பிரிவினை வந்தபின், பல ஆண்டுகள் வாழப் போகிற, படிக்கவும் தொழில் செய்யவும் வல்ல மக்கள் அக்கூட்டத்தில் இருப்பது தெரிந்தது. அவர்களைக் கல்வியிலிருந்தும் தொழிலிலிருந்தும் விலக்கி வைத்தவற்றுள், அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள மங்கிய படலமும் ஒன்று. அதனை மாற்றலாமா என்ற கேள்வி அப்போதுதான் பொருளுள்ளதாயிற்று.

இவ்விடத்தில் கண் மருத்துவத்துக்கு வெளியிலிருந்து எதிர்பாராத ஓர் ஒளி கிடைத்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் எலிசபெத் நியூஃபெல்ட் என்னும் அம்மையாரும் அவர்தம் துணைவரும் நோயாளிகளின் தோல் அணுக்களைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து வந்தனர். ஹர்லர் நோயாளியின் அணு தனியே வளர்ந்தால், அதில் சங்கிலிகள் தேங்கின. ஹண்டர் நோயாளியின் அணுவிலும் அவ்வாறே. இருவகை அணுக்களையும் ஒரே தட்டில் கலந்து வளர்த்தபோது, இரண்டிலும் தேக்கம் நீங்கியது! ஒன்றிடம் இல்லாத நொதி மற்றொன்றிடம் இருந்தது. ஒவ்வோர் அணுவும் தன் நொதியில் சிறிதளவை வெளியே விடுகிறது. அண்டை அணு அதனை உள்ளே வாங்கித் தன் குறையைத் தீர்த்துக் கொள்கிறது. 1968ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த ஆராய்ச்சியின் பொருள் பெரிது. நோயுற்ற அணுவுக்கு முழு நலம் வேண்டுவதில்லை. நலமுள்ள ஓர் அண்டை வீட்டார் இருந்தாலே அது பிழைக்கும்.

இதே ஆராய்ச்சியாளர்கள் 1972ஆம் ஆண்டில் மற்றொன்றையும் வெளிப்படுத்தினர். ஹர்லர் நோயிலும் ஷெயி நோயிலும் குறைவது ஒரே நொதிதான். ஆல்பா-எல்-இடுரோனிடேஸ் என்பது அதன் பெயர். கடுமையான வடிவில் அந்நொதி அறவே செயல்படுவதில்லை. மென்மையான வடிவில் மிகச் சிறிதளவு செயல்படுகிறது. அச்சிறிதளவே ஒருவருக்கு அறிவையும் நீண்ட ஆயுளையும் காத்துத் தருகிறது. கண்ணைக் காக்க மட்டும் அது போதவில்லை.

இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்குத் திரும்பலாம். விழிப்படல மாற்றில் வழக்கமாக நடுவிலுள்ள ஏழு அல்லது எட்டு மில்லிமீட்டர் வட்டமே மாற்றப்படுகிறது. அதனைச் சுற்றி நோயாளியின் சொந்தப் படலம் ஒரு வளையமாக எஞ்சி நிற்கும். ஆகவே மாற்றுப் படலம் தனித்து வாழ்வதில்லை. நான்கு புறமும் நோயுற்ற அண்டையாருக்கு நடுவே வாழ்கிறது. இதனால் நேரக்கூடியவை இரண்டு. வளையத்திலுள்ள நோயுற்ற அணுக்கள் மெல்ல மெல்ல உள்ளே குடியேறிப் புதிய படலத்தையும் மங்கச் செய்யலாம். அன்றி, புதிய படலத்தின் நலமுள்ள அணுக்கள் தம் நொதியை வெளியே அனுப்பி, வளையத்தைத் தெளியச் செய்யலாம். கண்ணாடித் தட்டில் நடந்தது கண்ணில் நடக்குமா?

இரண்டுமே நடந்தன. சில நோயாளிகளிடம், ஆண்டுகள் சென்றபின் புதிய படலத்தில் மீண்டும் மங்கல் தோன்றியதைக் கண் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். அதே வேளையில், ஜெர்மனியின் எர்லாங்கன் நகரைச் சேர்ந்த நௌமான், ரும்மெல்ட் இருவரும் 1993ஆம் ஆண்டில் வேறொரு காட்சியை விவரித்தனர். மரோத்தோ-லாமி நோயுற்றவருக்குப் படலம் மாற்றியபின், மாற்றிய வட்டம் தெளிவாக நின்றதோடு, அதனைச் சுற்றியிருந்த நோயாளியின் சொந்தப் படலமும் தெளியத் தொடங்கியது. கத்தி தொடாத பகுதி அது. அங்கே சென்று வேலை செய்தது கொடையாளியின் அணுக்கள் வெளியிட்ட நொதியே என்று கருதுவது பொருந்தும். சாளரத்திற்குக் கண்ணாடி மாற்றுவது போன்றது இச்சிகிச்சை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். புதிய கண்ணாடி பக்கத்துச் சுவரை வெள்ளையடிப்பதில்லை. இங்கே மாற்றப்படுவது உயிருள்ள பொருள்; அது மருந்தும் ஆகிறது.

ஆயினும் கண் மருத்துவர் எல்லா நோயாளிக்கும் உடனே கத்தியை எடுத்துவிடுவதில்லை. எடுக்கவும் கூடாது. படலம் மங்கியிருப்பதால் அதற்குப் பின்னால் இருப்பதை அவரால் பார்க்க இயலாது. இச்சங்கிலிகள் படலத்தில் மட்டும் தேங்குவதில்லை. சில வகைகளில் விழித்திரை சிதைகிறது. சில வகைகளில் பார்வை நரம்பு நெருக்குண்டு நலிகிறது. கண்ணின் நீரழுத்தம் மிகுந்து கிளாக்கோமா நோயும் வரலாம். படலம் தடித்திருப்பதால் அழுத்தத்தை அளக்கும் கருவியே பொய் சொல்லக்கூடும். கதவைத் திறந்து விட்டபின், உள்ளே விளக்கு இல்லை என்று தெரிந்தால் என்ன பயன்? அதனால் விழித்திரையின் மின்னோட்டத்தை அளந்தும், ஒலியலைகளைச் செலுத்திப் பார்த்தும், பின்புறத்தின் நிலையைக் கூடியவரை முன்கூட்டியே அறிய முயல்கின்றனர்.

மற்றோர் இடர் கண்ணுக்குப் புறத்தே உள்ளது. இந்நோயுற்றவர்களின் நாக்குப் பருத்திருக்கும், மூச்சுக்குழல் குறுகியிருக்கும், கழுத்து எலும்புகள் உறுதியற்றிருக்கும். மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாய் செருகுவது அனுபவம் மிக்கவர்களுக்கும் கடினமான பணி. கண் சிகிச்சைக்காக உயிரையே பணயம் வைக்கும் நிலை ஏற்படலாம். ஆதலால் இங்கே கண் மருத்துவர் தனியே முடிவு செய்வதில்லை. மயக்க மருத்துவர், இதய மருத்துவர், குழந்தை மருத்துவர், பெற்றோர் ஆகிய அனைவரும் கூடியே முடிவு செய்கின்றனர். அறுவைக்குப் பின்னும் பல மாதங்கள் சொட்டு மருந்து இட வேண்டும். மாற்றுப் படலத்தை உடல் வெறுத்து ஒதுக்குகிறதா என்று அடிக்கடி சோதிக்க வேண்டும். விரல் மடங்காத நோயாளியால் தன் கண்ணுக்குத் தானே மருந்து இட்டுக் கொள்ளவும் இயலாது. வீட்டார் உதவி இன்றி இச்சிகிச்சை நிறைவேறாது.

நோயின் மூலத்தையே தாக்கும் சிகிச்சைகளும் பின்னர் வந்தன. ஹர்லர் நோயுற்ற குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்றியதைப் பற்றி லண்டனின் ஹாப்ஸ் குழுவினர் 1981ஆம் ஆண்டில் அறிவித்தனர். நலமுள்ள மஜ்ஜையிலிருந்து பிறக்கும் இரத்த அணுக்கள் நொதியை உடலெங்கும் கொண்டு செல்கின்றன. உரிய வயதில் இது செய்யப்பெற்ற குழந்தைகள் பத்து வயதைக் கடந்து வாழ்கின்றனர். அறிவும் பெருமளவு காக்கப்படுகிறது. 2003ஆம் ஆண்டில், செயற்கையாக உண்டாக்கிய அந்நொதியையே இரத்தக் குழாய் வழியே செலுத்தும் சிகிச்சைக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது. மரோத்தோ-லாமி நோய்க்கான நொதி 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அப்படியாயின் விழிப்படல மாற்றுக்கு இனித் தேவையில்லை என்று நினைக்கலாம். நடந்தது வேறு. விழிப்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை என்று முன்னர்க் கூறினோம். இரத்தத்தில் ஓடும் நொதி அங்கே போதிய அளவு சென்று சேர்வதில்லை. கல்லீரல் சுருங்குகிறது, மூச்சு எளிதாகிறது, நடை தேறுகிறது. கண்ணின் மங்கல் மட்டும் பெரிதும் எஞ்சி நிற்கிறது. முன்பு இறந்துபோன குழந்தைகள் இன்று இளைஞர்களாகின்றனர். அவர்களுக்குப் பார்வை வேண்டும். ஆகவே புதிய சிகிச்சைகள் விழிப்படல மாற்றின் தேவையைக் குறைக்கவில்லை; அதற்கு உரியவர்களின் எண்ணிக்கையைப் பெருக்கின என்றே சொல்ல வேண்டும்.

இரத்தக் குழாய் இல்லாமை ஒரு புறம் தீமை எனில், மறுபுறம் நன்மையும் ஆகும். வேற்று உறுப்பைக் கண்டு தாக்கும் வெள்ளணுக்கள் இரத்தத்தின் வழியே வருபவை. அவ்வழி இன்மையால், பிற உறுப்புகளைவிட விழிப்படலம் எளிதில் நிலைக்கிறது. மேலும், இந்நோயில் முதன்மையாகக் கெடுவது படலத்தின் நடு அடுக்கு. உட்புற அடுக்கு நன்றாக இருப்பின் அதனை விட்டுவைத்து, முன் அடுக்குகளை மட்டும் மாற்றலாம். உட்புற அணுக்கள் மனிதரிடம் மீண்டும் பெருகாதவை. அவை நோயாளியின் சொந்த அணுக்களாகவே இருப்பது பெரும் பாதுகாப்பு. அன்வர், டைக்மன் இருவரும் 2002ஆம் ஆண்டில், படலத்துக்குள் காற்றைச் செலுத்திப் பெருங்குமிழி எழுப்பி அடுக்குகளைப் பிரிக்கும் முறையை வெளியிட்டபின் இவ்வகை அறுவை பரவியது.

தென்னிந்தியருக்கு நெருங்கிய தொடர்புடைய ஒரு நோயையும் இங்குக் குறிப்பிடுதல் பொருத்தம். விழிப்படலத்தில் மட்டும் தோன்றும் மாக்குலர் டிஸ்டிரோபி என்னும் பரம்பரை மங்கல் அது. ஜெர்மானியரான குரேனோ 1890ஆம் ஆண்டில் விவரித்த இருவகை மங்கல்களில் ஒன்றாக இது பின்னர் அறியப்பட்டது. சங்கிலிகளில் கந்தகக் கூறு சேர்க்கும் நொதியில் இங்கே குறை. அதற்குரிய மரபணு 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால்தான் நோய் தோன்றும். ஐஸ்லாந்திலும் தென்னிந்தியாவிலும் இது மற்ற இடங்களைவிட மிகுதி. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் நம் வழக்கம், ஒரே மரபணு இருபுறமும் சந்திக்கும் வாய்ப்பைப் பெருக்குகிறது. இந்நோயில் உடலின் பிற உறுப்புகள் கெடுவதில்லை. படலம் மாற்றினால் பல ஆண்டுகள் நல்ல பார்வை கிடைக்கிறது. எனினும் இந்நொதி அண்டை அணுவுக்குக் கடன் கொடுக்கும் வகையைச் சேர்ந்ததன்று; சுற்றியுள்ள அணுக்கள் குடியேற, நெடுநாட்களுக்குப்பின் மங்கல் திரும்புவதும் உண்டு. ஒரே மாதிரித் தோன்றும் இரு மங்கல்களில், ஒன்றுக்கு அண்டையார் உதவி உண்டு, மற்றொன்றுக்கு இல்லை.

நம் நாட்டில் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. மியூகோபாலிசாக்கரைடு நோய்கள் சில அதில் இடம் பெற்றுள்ளன. நொதிச் சிகிச்சை மிகுந்த செலவுடையது. வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டுவது. விழிப்படலமோ விலை கொடுத்து வாங்கும் பொருளன்று. அது கொடையாக மட்டுமே கிடைக்கும். ஆண்டுதோறும் ஆகஸ்டு 25 முதல் செப்டம்பர் 8 வரை நம் நாட்டில் கண்தான இருவாரம் நடைபெறுகிறது. மரணம் நேர்ந்து ஆறு மணி நேரத்திற்குள் கண் எடுக்கப்பட வேண்டும் என்பதும், கண்ணாடி அணிந்தவரும் கண்புரை அறுவை செய்து கொண்டவரும் கண் வழங்கலாம் என்பதும் அப்போது எடுத்துச் சொல்லப்படுகின்றன.

அவற்றோடு இன்னும் ஒன்றையும் நாம் அறிந்திருத்தல் நலம். 1905ஆம் ஆண்டில் ஓலமொட்ஸ் நகரில் மாற்றப்பட்டது ஒளி புகும் ஒரு வட்டம் என்றே அந்நாளில் கருதினர். அதன்பின் வந்த ஆராய்ச்சி, அவ்வட்டத்தினுள் வாழும் அணுக்கள் உண்டு என்பதையும், பிறவிக் குறையுள்ள ஒருவரின் கண்ணில் அவை தமக்குரிய நொதியைப் பிறருக்கும் ஈந்து வேலை செய்யும் என்பதையும் காட்டியது. இறந்தவரின் கண் பிறருக்குப் பார்வை தருகிறது என்று நாம் கூறுகிறோம். அக்கூற்று உண்மையே, ஆயினும் முழு உண்மை அதனினும் சற்றுப் பெரிது. கொடுத்தவர் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின்னும், அவருடைய அணுக்கள் முன்பின் அறியாத ஒருவரின் கண்ணில், நாள்தோறும் தேங்கும் கழிவை நாள்தோறும் சிதைத்துக் கொண்டிருக்கின்றன.